ஜனீனுக்குக் கண் திறந்த கதை

எனக்கு நேர்கோடு கீறத் தெரியாது. அடிமட்டம் தந்தாலும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மாம்பழத்தைக் கையில் வாங்கிய சித்திர ஆசிரியர், "யானை நல்லாத்தான் இருக்கு, தும்பிக்கையைக் காணேல்லை" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை; தாளைத் திருப்பிப் பார்த்து உண்மையாகவே தேடினார். அப்படிப்பட்ட நான், எண்பதுகளின் நடுப்பகுதியில், உலகத்து ஓவியர்களும் சிற்பிகளும் வந்து பட்டினி கிடந்து பெயரெடுத்த பாரிஸ் நகரத்தில், ஒரு வயதான பெண்மணியின் முகத்தைப் பார்த்து, நான் ஒரு சிற்பி என்று சாதித்தேன்.

சாதித்ததோடு முடிந்திருந்தால் இதை எழுத அவசியமே இல்லை. அந்த நகரத்தில் தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்ளாதவனைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். என் கெட்ட காலம், அந்த அம்மா நம்பிவிட்டார்.

அப்போது நாங்கள் ஆறு பேர் லா சப்பலில், மார்க்ஸ் டோர்மோய் பக்கமாக ஒரு தெருவில், மூன்றாம் மாடி அறை ஒன்றில் இருந்தோம். 'இருந்தோம்' என்பது பெரிய வார்த்தை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் இருந்தால் கதவு திறக்காது. ஆகவே முறை வைத்து இருந்தோம். ஒருவன் எழும்பிப் போன கட்டிலில் அடுத்தவன் வந்து விழுவான். கட்டில்களின் சூடு ஆறியதே இல்லை. நான் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். (யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்தவன். அங்கே ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவியதில்லை என்பதை இங்கே முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.)

அந்தக் காலத்தில் என் இலட்சியம் கலை அல்ல, பவானி. கலியாணம் முடித்துச் சில மாதத்திலேயே அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் நான். மூன்று வருடம் ஓடிவிட்டது. என்னுடைய கடதாசிகள் எல்லாம் சரிவந்து, இனி மனைவியைக் கூப்பிடலாம் என்ற நிலை வந்தபோது ஒரேயொரு தடை மிஞ்சியது. என் பெயரில் ஒரு வீடு வேண்டும். என் பெயரில் இருந்ததோ ஒரு கட்டிலின் பாதி, அதுவும் மற்றவன் எழும்பிப் போன பிறகு. பவானியின் கடிதங்களோ சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியாக வந்ததில் சுகம் விசாரித்துவிட்டு, "வீடு என்னமாதிரி?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

நகரத்துக்கு வெளியே, வில்லியே லே பெல் பக்கம் வீடு பார்க்கலாம் என்று சிலர் புத்தி சொன்னார்கள். பார்க்கலாம்தான். நான் கடைசிக் கோப்பையைக் கழுவி வைக்கும்போது அந்தப் பக்கம் போகிற கடைசி ரயிலும் போய்விட்டிருக்கும். பெண்சாதி ஓரிடம், புருஷன் ஓரிடம் என்று இருப்பதற்கு யாழ்ப்பாணமே போதும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடி வீடு காலியானது. இரண்டு அறை, தனிக் குசினி, பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்த யன்னல். கட்டடத்தின் சொந்தக்காரி மதாம் ஒபேர் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். கணவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்து, ஓய்வுபெற்று, இறந்துபோனவர். மதாம் உயர்ந்து மெலிந்த பெண்மணி. நடக்கும்போது யாரோ பின்னால் நின்று அவரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கும். பழைய குடித்தனக்காரரின் அலுமாரி படியிறங்கி முடிவதற்குள் செய்தி லா சப்பல் முழுவதும் பரவிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பலர் போய் அவருடைய கதவைத் தட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: ஓகஸ்ட் முடியட்டும், யோசிக்கிறேன்.

நான் தனியாகப் போகவில்லை. சவரிமுத்து ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். எங்களில் எவனுக்காவது பிரெஞ்சில் ஒரு காரியம் ஆகவேண்டுமானால் அவர்தான் எங்கள் வாய். காது மட்டும் எங்களுடையது. அதனால் அந்த வாய் என்ன சொல்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

மதாம் எங்களை இருக்கச் சொல்லி, கோப்பி தந்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கேட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு வேறு ஏதோ நீளமாகச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். தோட்டத்தின் நடுவில், புல்லுக்குள், ஆளுயரத்தில் ஓர் இரும்புச் சாமான் துருப்பிடித்து நின்றது.

"என்னவாம் ஐயா?"

"அது அவங்க புருஷன் செஞ்ச சிலையாம் தம்பி. பட்டறையில மிஞ்சின இரும்புலயே செஞ்சாராம். அவரு போனப்புறம் பராமரிக்க ஆளில்ல, துரு தின்னுடுச்சு, பாத்தா மனசு சங்கடமா இருக்குங்கறாங்க."

கோப்பை கழுவுகிறவன் என்று சொல்லவேண்டிய இடத்தில் என் வாய் வேறு பாதையில் போனது. "நான் திருத்தித் தாறன் எண்டு சொல்லுங்கோ. ஊரில எனக்கு இதுதான் வேலை."

ஐயா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நிசமாவா?"

"ஓம்."

ஊரில் இரும்போடு எனக்கிருந்த உறவு, பள்ளிக்கூட மதிலில் ஏறிப் பிடிபட்டதற்குத் தண்டனையாகப் பள்ளிக்கூட கேற்றுக்கு ஒரு பக்கம் பெயின்ற் அடித்தது. (மறுபக்கத்தை வேறு ஆளைக் கொண்டு அடிப்பித்தார்கள். என் பக்கத்தையும் பிறகு அவரே திரும்ப அடித்தார்.) ஐயா மொழிபெயர்த்ததில் 'ஸ்கூல்ப்தர்' என்ற சொல் எனக்கும் விளங்கியது. பெயின்ற் அடிக்கிறவனைச் சிற்பியாக்கிவிட்டார் மனுசன். மதாம் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை வந்தது. அந்த நகரத்தில் மூன்று வருடமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

அவர் மறுநாள் கடற்கரை ஊரொன்றில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார், ஓகஸ்ட் முடியத்தான் வருவார். தோட்டக் கதவின் திறப்பைத் தந்தார். வெள்ளை நிறம்தான் அடிக்கவேண்டும், முதலிலும் வெள்ளையாகத்தான் இருந்தது என்றார். வெளியே வரும்போது ஐயா அவருடைய கடைசி வார்த்தையைச் சொன்னார்.

"திரும்பி வர்றப்போ ஜனீனைப் பழையபடி பாத்துட்டா, அந்த வீட்டை உனக்கே குடுக்கறேங்கறாங்க."

"ஆர் ஜனீன்?"

"சிலைதான். அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. நாய்க்கு, படகுக்கு, மோட்டாருக்கெல்லாம் பேரு வைப்பாங்கப்பா இவுங்க. சைகோன்ல எங்க கேப்டன் தன் குடைக்கே பேரு வச்சிருந்தாரு."

அடுத்த நாள் நான், ஐயா, எங்கள் அறையின் மூத்தவரும் சமையல்காரருமான மரியதாஸ் அண்ணை மூவரும் ஜனீனைப் பார்வையிட்டோம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசிபோல நீண்ட ஒற்றைக் காலில் அது நின்றது. மற்றக் கால் முழங்காலில் மடங்கி மேலே தூக்கியிருந்தது. நடுவில் புடைத்த தகட்டு உடம்பு, பின்பக்கம் கொஞ்சம் விரிந்திருந்தது. ஒரு பக்கம் முக்கோணமாக மடிந்த ஏதோ ஒன்று, மறுபக்கம் அதே ஏதோ ஒன்று பாதி விரிந்தபடி. மேலே நீண்ட கழுத்து, சின்னத் தலை. தலையிலிருந்து முன்னுக்குக் கூராக நீட்டிக்கொண்டிருந்த ஒரு தகடு. முகமென்று எதுவுமில்லை, துரு தின்றிருக்கவேண்டும் என்று நினைத்தோம்.

மரியதாஸ் அண்ணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மன்னார்க்காரர், கடலோரத்தில் பிறந்தவர்.

"கொக்கு" என்றார்.

"நிச்சயமோ அண்ணை?"

"மன்னார்க்காரனுக்குக் கொக்குக் காட்டிறியோ? ஒத்தக் கால், நீட்டுக் கழுத்து, செட்டை ரண்டும் இருக்கு. வெள்ளை எண்டு வேற சொல்லியிருக்கிறா. பிறகென்ன, குயிலோ?"

சைகோன் வயல்களில் அசல் இதே மாதிரி ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பதாக ஐயாவும் சாட்சி சொன்னார். மேலே போய் மற்றவர்களிடமும் யன்னலால் எட்டிப் பார்க்கச் சொன்னோம். கொக்கு, கொக்கு, கொக்கு. எங்கள் அறையில் மூன்று வருடத்தில் எல்லோரும் ஒத்துப்போன விடயம் அது ஒன்றுதான்.

முதல் வேலை துருவை எடுப்பது. இதில் எனக்கு ஒரு சொந்தத் தத்துவம் இருந்தது. ஊரில் கறுத்துப்போன குத்துவிளக்கை எதைப் போட்டு மினுக்குகிறோம்? பழப்புளி போட்டு. பித்தளைக்கு ஆகுமானால் இரும்புக்கு ஆகாமல் போகுமா? அறைக்கு ஏறிப்போய், மரியதாஸ் அண்ணை பொக்கிசம்போல ஒளித்து வைத்திருந்த புளிப் பொதியை எடுத்தேன். அந்தக் காலத்தில் ஒரு பொதி நல்ல புளி சம்பாதிக்க நாலு பேருடைய காலைப் பிடிக்கவேண்டும்.

"டேய், அது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வைச்ச புளி."

"எனக்கு வீடு கிடைச்சா உங்களுக்குத்தானே அண்ணை என்ர கட்டில்."

அண்ணை ஒரு கணம் யோசித்தார். "முழுக் கட்டிலோ?"

"முழுக் கட்டில்."

அவரே கரைத்துத் தந்தார்.

தலையிலிருந்து கால்வரை ஜனீனுக்குப் புளி அப்பினோம். ஓகஸ்ட் வெயிலில் அது காய்ந்து, கட்டி தட்டி, கபில நிறத்தில் ஒழுகி நின்ற காட்சியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. இரண்டாம் மாடியில் இருந்த போர்த்துக்கீசப் பெண் யன்னலைத் திறந்தார், பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு சாத்தினார். அது என்னவென்று அவர் நினைத்தார் என்பது எங்களுக்கு விளங்கியது. அது அதுவல்ல என்பதைச் சொல்ல எங்களிடம் பிரெஞ்சு இல்லை. (இரண்டு நாள் படியில் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்.)

பின்னேரம் கழுவிப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், இரும்பு பளபளத்தது. நான் கைகட்டி நின்று கலைஞர்கள் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அன்றிரவு ஒரு தூறல் தூறியது. காலையில் ஜனீன் உச்சி முதல் பாதம் வரை செம்மஞ்சள் நிறத்தில், முன்னையைவிட ஆரோக்கியமான துருவோடு நின்றது. குழம்பும் போய், கொக்கும் போய்விட்ட நிலையில் மரியதாஸ் அண்ணை என்னோடு அரை நாள் பேசவில்லை.

பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தேன். கம்பிப் பிரஷ், எமரித் தாள், துருவைத் தடுக்கிற சிவப்பு முதற்பூச்சு. வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டத் தகடு உதிர்ந்து சில பாகங்கள் கையோடு வந்தன. நிற்கிற காலின் அடியில், பின்பக்கம், மொட்டையாக ஒரு இரும்புக் குச்சி துருத்திக்கொண்டு நின்றது. கொக்குக்குக் குதிக்கால் ஏது? அரத்தால் அராவி எடுத்தேன். நெஞ்சில் வரிசையாக நாலைந்து உருண்டைகள். கரப்பான் புண் மாதிரி அசிங்கமாக இருந்தன, அவற்றையும் எடுத்தேன். தலையிலிருந்து முன்னுக்கு வந்த தகடு கூராக இருந்ததே தவிர, நுனி மேலே வளைந்து, அகலமாக, சொண்டு என்று சொல்லும்படியாக இல்லை. கல்லொன்றை அடியில் வைத்து இரண்டு பக்கமும் சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கி நிமிர்த்தினேன். சிற்பக் கலையில் என் முதலும் கடைசியுமான சொந்தப் படைப்பு அந்தச் சொண்டு. இன்று நினைத்தாலும் சொண்டு நல்ல சொண்டு.

புல்லுக்குள் ஒரு துண்டு கிடந்து அகப்பட்டது. உள்ளங்கை இரண்டு அகலத்தில் தட்டையான நீள்வட்டத் தகடு, ஒரு பக்கத்தில் வளைந்த கம்பி. இது எங்கேயிருந்து விழுந்தது? நான் ஒன்றும் விளங்காமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, மரியதாஸ் அண்ணை வாங்கி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார்.

"ஓரா மீன். இந்தா வால்."

எல்லாம் பொருந்தி வந்தது. கொக்கு நிற்கிறது, சொண்டு நீண்டிருக்கிறது, கீழே மீன் கிடக்கிறது. அந்த ரயில்வேக்காரரின் கற்பனைக்கு நாங்கள் தலைவணங்கினோம். கம்பியை முறுக்கி மீனைச் சொண்டில் கட்டினேன். அண்ணை தன் கையாலேயே அதற்குச் செதிள் கீறினார்.

வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். முதல் பூச்சுக் காயுமுன் இரண்டாம் பூச்சையும் அடித்ததால் பெயின்ற் சுருங்கி வரிவரியாகத் திரைந்துவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். "ஏன் அழுகிறாய்? சிறகு மாதிரியெல்லோ வந்திருக்கு" என்றார் அண்ணை. பார்த்தேன். சிறகு மாதிரித்தான் இருந்தது. அந்தக் கணத்திலிருந்து அதை வேண்டுமென்றே செய்ததாக நானே நம்பத் தொடங்கினேன். காலுக்குக் கறுப்பு, சொண்டுக்கு மஞ்சள்.

மிஞ்சியது கண். கண்ணை மட்டும் கடைசிக்கு என்று விட்டு வைத்திருந்தேன். எங்கள் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பது எல்லாம் முடிந்த பிறகுதான், அதற்கொரு நேரம் காலம் உண்டு, அது திறந்ததும் முதலில் கண்ணாடியில் தன்னைத்தான் பார்க்கவேண்டும். இதை நான் சொன்னதும் மரியதாஸ் அண்ணை தங்கள் கோயிலில் மாதா சுருவத்துக்கும் கண் கடைசியாகத்தான் எழுதினார்கள் என்றார். புதுச்சேரியிலும் அப்படித்தான் என்றார் ஐயா. ஆக ஒரு சைவக்காரனும் இரண்டு வேதக்காரரும் சேர்ந்து ஒரு பிரெஞ்சுக் கொக்குக்குக் கண் திறக்க ஞாயிற்றுக்கிழமை காலை, இராகுகாலம் இல்லாத நேரமாகப் பார்த்து, தோட்டத்துக்கு இறங்கினோம். ஐயா இராணுவ மெடல் குத்திய கோட்டோடு வந்திருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிரஷை எடுத்தேன். ஒரு பக்கக் கண் பெரிதாகவும் மறுபக்கக் கண் அதைவிடப் பெரிதாகவும் வந்தது. கோயில் தேரில் குதிரைக்கு எழுதுவதுபோல நீளமாக எழுதி, கையோடு இமைமயிரும் வைத்தேன். கொக்குக்கு இமைமயிர் உண்டா என்று அண்ணை ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பெண் கொக்கென்றால் இருக்கும், ஜனீன் பெண் பெயர்தானே என்று ஐயா தீர்த்து வைத்தார். நான் சவரக் கண்ணாடியை எடுத்து ஜனீனுக்கு நேரே பிடித்தேன். அண்ணை சிலுவை போட்டார். ஐயா சல்யூட் அடித்தார். இரண்டாம் மாடி யன்னல் சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

இரண்டு நாள் கழித்து மதாம் வந்தார். நாங்கள் மூவரும் தோட்டத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல நின்றோம். நான் மடிப்புக் கலையாத சேட்டு போட்டிருந்தேன். மனதுக்குள் பவானிக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரிகூடத் தயாராக இருந்தது. மதாம் பயணப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார்.

நின்றார். அந்த மௌனத்தை நான் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கலைஞனுக்கு அது பழக்கம்தானே. பிறகு கிட்டப்போய் சொண்டைத் தொட்டுப் பார்த்தார். மீனைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சில் உருண்டைகள் இருந்த இடத்தை விரலால் தடவினார். திரும்பி ஐயாவிடம் மெல்லிய குரலில் இரண்டு வரி சொன்னார். ஐயா எங்கள் இருவரையும் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"என்னவாம் ஐயா?"

"கொக்கு இல்லியாம், தம்பி."

"பின்னை என்ன, நாரையோ?"

"அவங்களாம்."

எனக்கு விளங்கவில்லை. எவர் என்று கேட்டேன்.

"இவங்கதான்பா. ஜனீன் இவங்க பேரு."

மூன்று வருடம். அந்தக் கட்டடத்தில் ஆறு பேர் மூன்று வருடம் குடியிருந்திருக்கிறோம். அவருடைய மரக்கறிப் பையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம், சுகமில்லாத நாளில் சூப் வைத்துக் கொடுத்திருக்கிறோம். பெயர் என்ன என்று ஒருவனும் கேட்டதில்லை. கேட்க மாட்டோம். தாய் வயதுப் பெண்ணிடம் போய் உங்களுடைய பெயரென்ன என்று கேட்பதற்கு எங்களை அப்படி வளர்க்கவில்லை. தபால் பெட்டியில் இருந்ததோ கணவரின் பெயர். ஐயாவும் அதே வளர்ப்பு; வாய்க்கு வாய் 'மதாம்'தான். எங்கள் மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது என்று பிற்காலத்தில் நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மதாம் சுட்டிக் காட்டக் காட்ட, ஐயா போரில் விழுந்தவர்களின் பெயர்களை வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். இது, பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலு இரவு மதாமும் கணவரும் முதன்முதல் சந்தித்த நடனம். தூக்கியிருப்பது ஆடுகிற கால். முக்கோணச் செட்டை, இடுப்பில் வைத்த கை. நான் ஒடுக்கி நிமிர்த்திய சொண்டு, அன்று மதாம் சரித்துப் போட்டிருந்த தொப்பியின் விளிம்பு. அராவி எடுத்த குதிக்கால், சப்பாத்துக் குதி. கரப்பான் உருண்டைகள், வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள். கண் எழுதிய இடம் தொப்பி. முகம் துரு தின்றதல்ல. தொப்பி மறைத்ததால் கணவர் முகமே செய்யவில்லை.

கடைசியாக மதாம் மீனைச் சுட்டிக் காட்டினார்.

"என் கைப்பையை எதுக்கு என் வாயில வச்சீங்கன்னு கேக்கறாங்க."

நான் மரியதாஸ் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். ஓரா மீன் நிபுணர் சத்தமில்லாமல் நகர்ந்து தோட்டத்தில் நின்ற செரி மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்கு அந்த மரம் போதாது. இரண்டு பக்கமும் தெரிந்தார்.

அந்த முதலாம் மாடி யன்னல் எனக்கு நேரே மேலேதான் இருந்தது. அதற்குள் பவானி ஒரு கணம் நின்றாள், பிறகு காணாமல் போனாள். வில்லியே லே பெல் போகிற கடைசி ரயிலின் பின்பக்கச் சிவப்பு வெளிச்சம்கூட எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி "பார்தோன், மதாம்" என்றேன். தீர்ந்துவிட்டது. திரும்ப அதையே சொன்னேன்.

மதாம் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. கணவரை இழந்த ஒரு பெண்ணை, கணவர் தன் கையால் செய்த ஒரே ஞாபகத்தைக் கெடுத்து, அதற்கு இமைமயிரும் வைத்து, அழவைத்துவிட்டேன். ஐயாவைப் போய்ச் சமாதானம் சொல்லச் சொன்னேன். அவர் போய்க் குனிந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அழலப்பா. சிரிக்கறாங்க."

நிறுத்த முடியாமல் சிரித்தார். நிறுத்தி, ஜனீனைப் பார்த்து, திரும்பத் தொடங்கினார். மரத்துக்குப் பின்னால் இருந்து அண்ணை, தனக்கும் சிரிக்க அனுமதி உண்டா என்று பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார். மூச்சு வந்த பிறகு மதாம் சொன்னதை ஐயா எங்களுக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது ஐயாவின் குரலிலும் சிரிப்பு ஓடியது.

"கல்யாணமான அடுத்த வருஷம் இதைச் செஞ்சு, துணி போட்டு மூடி வச்சிருந்தாராம். இவங்களைக் கூட்டியாந்து துணியை எடுத்தாராம். இவங்க பாத்துட்டு, 'அட, என்ன அழகான கொக்கு'ன்னு சொல்லிட்டாங்களாம்."

"பிறகு?"

"ஒரு வாரம் பேசலியாம் அவரு. அப்புறம் சாகிற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கலியாம். இத்தனை வருஷமா, தன் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தாங்களாம்."

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று அன்னிய ஆண்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் (அப்படித்தான் அவர் நம்பினார்), கொக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கிழமை வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயர் ஏறியது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கைப்பையைக் கையில் மாட்டவேண்டும். கண் இருக்கட்டும், கணவருக்குக் கண் செய்ய வராது, அதனால்தான் தொப்பி போட்டார் என்றார். சொண்டைத் திரும்பத் தொப்பியாக்க முயன்றேன். தாரா வாத்துப் போல வந்தது. அத்தோடு விட்டுவிட்டோம். செதிள் கீறிய கைப்பையைத் தொங்கவிட்டபடி, சொண்டோடும் இமைமயிரோடும், ஜனீன் ஒற்றைக் காலில் நின்றது.

இந்தக் கதை லா சப்பலைத் தாண்டிப் போனது. ரூ பெர்தொனே தெருவில் கடை வைத்திருக்கிற நண்பர்கள் இன்றைக்கும் என்னைக் கொக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயரைக் கலியாண அழைப்பிதழில் எழுதச் சிலர் போன் எடுத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது. என் பிள்ளைகள் தங்கள் சிநேகிதருக்கு இதைப் பிரெஞ்சில் சொல்லுவார்கள். பிரெஞ்சில் நான் இன்னும் மோசமான முட்டாளாக இருக்கிறேன். அவர்கள் கதையை மதாமின் சிரிப்போடு முடிப்பதில்லை. அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் இந்தக் கட்டுரையை எங்கள் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பவானி வந்திறங்கினாள். விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, படியேற்றி, என் பெயரில் இருக்கிற வீட்டின் கதவை நானே திறந்துவிட்டேன். அவள் இரண்டு அறையையும் பார்த்தாள். குசினியில் தண்ணீரைத் திறந்து பார்த்தாள், சுடுதண்ணி வருகிறது என்றதும் முகத்தில் ஒரு திருப்தி. நான் அவசரப்படவில்லை. இந்த வீட்டை எனக்கு வாங்கித் தந்த என் கைவேலை கீழே நிற்கிறது. அதை அவளே கண்டு, அவளே கேட்கவேண்டும், பிறகுதான் நான் சொல்லத் தொடங்கவேண்டும் என்று மாதக் கணக்காகத் தீர்மானித்து வைத்திருந்தேன். பின்பக்க யன்னலை மெதுவாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

பவானி எட்டிப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஏனப்பா, இஞ்சை தண்ணிக் குழாயளுக்கும் கண் கீறி விடுறவையோ?"